துரையின் சம்சாரம்

பாஞ்சாலி பத்தாவதில் இங்கிலீஷில் ஃபெயிலானாள். மற்ற பாடங்கள் எல்லாம் அந்த வருஷமே தேறிவிட்டன. அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மர்பி டவுனுக்குள்ளேயே வீடு மாறி வீடு மாறி, கடைசியில் பிறந்த வீட்டுக்குப் பின்சந்திலேயே குடிவந்து சேர்ந்தாள். ஒரு மகளைப் பெற்று அவளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இவ்வளவுக்கும் இங்கிலீஷ் அது பாட்டுக்கு ஃபெயிலாகவே கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புருஷன் கோவிந்தன் ஆட்டோ ஓட்டினான். அவன் ஏழாவதோடு நின்றவன். தன்னைவிட அதிகம் படித்து ஃபெயிலானவள் என்று அவளிடம் அவனுக்கு மரியாதை உண்டு.

தொண்ணூற்றாறில் அவள் தொம்லூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் ஹெல்பராக இருந்தாள். பழைய குடோனை மாற்றிக் கட்டிய கம்பெனி. ஆண்கள் சட்டை தைக்கும் மூன்றாம் லைன். டெய்லர்கள் தைத்துத் தள்ளும் சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டிவிடுவது அவள் வேலை. லைனின் கடைசியில், குழல்விளக்குக்கு அடியில் செக்கர் மேஜை. செக்கர் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு காலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கோணல் தெரிந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவளுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். ஹெல்பரைப் போலவே செக்கருக்கும் நாற்காலி கிடையாது. நாளெல்லாம் நிற்க வேண்டியதுதான். ஆனால் செக்கரைப் பார்த்தால் டெய்லர்கள் சிரிப்பார்கள். ஹெல்பரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. 'ஏ நூலு' என்று கூப்பிடுவார்கள்.

அந்த செக்கருக்கு ஓசூரில் மாப்பிள்ளை அமைந்து, அவள் வேலையை விட்டாள். ஃப்ளோர் இன்சார்ஜ் சிவசங்கரன் பாஞ்சாலியைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கண்ணு நல்லாயிருக்கு. செக்கர் தவறவிட்டதைக்கூட நீ எடுத்து வெக்கறே, பாத்திருக்கேன். எஸ்எஸ்எல்சி பாஸ்தானே?"

"எல்லாம் பாஸ் சார். இங்கிலீஷ் மட்டும் பாக்கி."

"அப்ப பாஸ் இல்ல."

"ஒண்ணுதான் சார் பாக்கி."

"புள்ளத்தாச்சிங்கறதுல கொஞ்சமா புள்ளத்தாச்சின்னு உண்டாம்மா? ஏப்ரல்ல எழுதி முடி. ஜூன் வரைக்கும் யாரையாவது நிக்க வெச்சு ஓட்டறேன். அதுக்கு மேல ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆளை அனுப்பிடுவாங்க."

அன்று சாயங்காலமே பாஞ்சாலி காக்ஸ் டவுனுக்குப் போனாள். அங்கே பவுலின் இருந்தாள். பத்தாவதில் பாஞ்சாலிக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷில் தேறியவள். இப்போது ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வாடி. பரீட்சையில நீ எட்டிப் பாத்தப்ப பேப்பரைக் கையால மூடிக்கிட்டேன் பாரு, அந்தப் பாவம் இப்ப வீடு தேடி வருது."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பாடம் என்று ஏற்பாடாயிற்று. கோழிக்குழம்பு கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், கரண்டியும் கையுமாக பவுலின் கற்பித்தாள். இலக்கணத்தை முதல் ஞாயிறே கைவிட்டாள். "அது உனக்கும் எனக்கும் இந்த ஜென்மத்துல வராது" என்றாள். ஒரு லீவ் லெட்டரை மனப்பாடம் செய்யச் சொன்னாள். எந்தக் கடிதம் கேட்டாலும் அதையே கொஞ்சம் திருப்பி எழுதிவிட வேண்டும். பிறகு பாடப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு கவிஞரின் படத்தின் மேல் கரண்டியை வைத்தாள். பஞ்சு மாதிரி தாடி. ரொம்பப் பழைய காலத்து மனுஷன்.

"இவர் கேள்வியில வந்து ரொம்ப வருஷமாச்சு. இந்த வருஷம் வருவார். இவரோட வாழ்க்கை ஒரு பெரிய கேள்வி, இவரோட பாட்டு ஒரு பெரிய கேள்வி. இவரைப் பிடிச்சிக்கோ, கரையேறிடுவே."

கவிஞரின் பெயர் பாஞ்சாலியின் வாயில் நுழையவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, "இந்தத் துரை" என்றாள். அந்தப் பேரே நின்றுவிட்டது.

துரையின் வாழ்க்கையைப் புத்தகம் ஒன்பது வரியில் முடித்திருந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கம்பளி வியாபாரிக்குப் பிறந்தார். சிறு வயதில் தாயை இழந்தார். பெரிய கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்காமல் திரும்பினார். சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஒரு பாதிரியாரின் மகளை மணந்தார். நாலு வருஷத்தில் அவள் காய்ச்சலில் இறந்தாள். அதன் பிறகு வெகுகாலம் அவர் ஒன்றும் எழுதவில்லை. தலை நரைத்த பின்பு புத்தகம் அச்சாகிப் புகழ் வந்தது. கடைசியில் சகோதரி வீட்டில் தோட்டவேலை செய்துகொண்டிருந்து இறந்துபோனார்.

பாட்டு ஒரு நேரான மனுஷனின் குணத்தைப் பற்றியது. வாங்கும் துணியையும் விற்கும் துணியையும் ஒரே கோலால் அளப்பவன். யாரும் பார்க்காதபோதும் வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவன். கேட்ட கதையைச் சொல்லும்போது ஒரு நூல்கூடச் சேர்க்காதவன். அவனே நேரானவன் என்று முடியும். பாட்டு பாஞ்சாலிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அதில் துணி இருந்தது, கோல் இருந்தது, நூல் இருந்தது. கோவிந்தன் வெளியே கிளம்பும்போதெல்லாம், "கதவைச் சாத்திட்டுப் போய்யா, பாடத்துலயே வந்திருக்கு" என்று கத்தினாள்.

"எந்தப் பாடத்துல?"

"கேரக்டர் பாடத்துல."

"என் கேரக்டர்ல இப்ப இன்னா கொறையைக் கண்டே நீ?" என்று கேட்டபடியே கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவன் போனான்.

துரையின் வாழ்க்கைதான் மனசில் நிற்கவில்லை. ராத்திரி படித்ததைக் காலையில் பார்த்தால் ஆற்றங்கரை மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபோது ஒருமுறை துரை சுங்க அலுவலகத்தில் பிறந்தார். இன்னொரு முறை கம்பளியை மணந்தார். யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் நிற்கும் என்று பாஞ்சாலிக்குத் தோன்றியது. மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். கோவிந்தனோ, துரை கல்லூரிக்குப் போவதற்குள் தூங்கிவிடுகிறான்.

அதனால்தான் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தாள். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மூன்றாம் லைன் வட்டமாக உட்காரும். நடுவில் லட்சுமம்மா. காலர் தைப்பவள், கோலார்ப் பக்கம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டுவாள். ரசத்தைச் சாறு என்பாள். அவள் கொண்டுவரும் சாறுக்கு லைனே டிபன் மூடியை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"அக்கா, ஒரு பாடம் சொல்றேன், சும்மா கேளு" என்றாள் பாஞ்சாலி. ஒன்பது வரியையும் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா செத்ததற்கு யாரும் உச்சுக்கூடக் கொட்டவில்லை. அப்போது இன்னும் யாரும் சரியாகக் கேட்கத் தொடங்கியிருக்கவில்லை. கல்லூரி வந்தபோது ஒருத்தி ஊறுகாய் கேட்டாள். குமாஸ்தா வேலை வந்தபோது லட்சுமம்மா கொட்டாவி விட்டு, வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு வந்த கல்யாணமும் காய்ச்சலும் யார் காதிலும் விழவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அஷ்டேனா? இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா. துரை வாழ்க்கை."

"தாயி செத்தாளே, அப்பன் இன்னா பண்ணான்?"

"கம்பளி யாவாரம்."

"அது சரிடி. ரெண்டாவது கட்டிக்கினானா இல்லியா?"

புத்தகத்தில் அது இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லைன் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நூல் வெட்டுகிறவளை முதல்முறையாக எல்லாரும் ஒருசேரப் பார்த்தார்கள்.

"கட்டிக்கினான்" என்றாள் பாஞ்சாலி.

"நான் சொல்லல? சின்னப் புள்ளைய வெச்சுகினு எந்த ஆம்பள சும்மா இருந்தான்? வந்தவ சோறு போட்டாளா?"

"எங்க போட்டா" என்று பெருமூச்சு விட்டாள் பாஞ்சாலி. மணி அடித்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு மணிக்கு அவள் மாடி ஏறுவதற்குள் இடம் போட்டு வைத்திருந்தார்கள். லட்சுமம்மா தானே எடுத்து ஒரு கரண்டி சாறு ஊற்றினாள். "ஹூம், ஆமேலே?" என்றாள். அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். அந்த 'ஆமேலே'யை வைத்துக்கொண்டு பாஞ்சாலி பிப்ரவரி முழுக்க ஓட்டினாள். மாற்றாந்தாய் துரையைப் பட்டினி போட்டாள். துரை கல்லூரியில் தேறாதது, படிப்புக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயை அவள் தன் தலையில் தடவிக்கொண்டதால். சுங்க ஆபீசில் மாற்றாந்தாயின் தம்பி துணிக் கடத்தலில் மாட்டினான், பிடித்தது துரையே. இதற்கு லைன் கைதட்டியது. பிறகு பாதிரியார் மகள் வந்தாள்.

பாதிரியார் மகளை லைனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. துரைசானியம்மா என்றார்கள். அவள் சாதாரணப்பட்டவளா? கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே மாமியார் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கிவிட்டாள். துரை பாட்டு எழுத உட்கார்ந்தால் யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டாள். எழுதியதை முதலில் அவளிடம்தான் காட்ட வேண்டும். பட்டன் செக்ஷன் பெண்களும் டிபனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் லைன் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். விடிகாலையில் ஷிஃப்டுக்கு வரும்போதே, "மாமியாக்காரி இன்னிக்கு இன்னா பண்ணப் போறா?" என்று கேட்டார்கள். 'ஏ நூலு' நின்றுபோய், 'பாஞ்சாலி' வந்தது. பிறகு 'பாஞ்சாலிக்கா' வந்தது.

மார்ச் முதல் ஞாயிறு பவுலின், "எங்கே, வாழ்க்கையைச் சொல்லு" என்றாள். பாஞ்சாலி எழுந்து நின்று இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். ஆற்றங்கரை சரியாக வந்தது. கம்பளி சரியாக வந்தது. அதற்கு அடுத்ததாக ஒரு ஸ்டெப் மதர் வந்தாள்.

பவுலின் அடுப்பை அணைத்தாள். "இது யாருடி?"

"சித்தி."

"எந்தப் புக்குல?"

பாஞ்சாலி எல்லாவற்றையும் சொன்னாள். பவுலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளக்கெண்ணெய் இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்றாள். துணிக் கடத்தல் முடிந்த பிறகுதான் அவளுக்கு டீச்சர் என்பது ஞாபகம் வந்தது.

"ஏண்டி, இதெல்லாம் இப்ப உன் மண்டைக்குள்ள கலந்துபோச்சு. பரீட்சையில இதை எழுதி வெச்சா முட்டைதான். பாட்டுல இன்னா சொல்றாரு? கேட்ட கதையில ஒரு நூலும் சேர்க்காதவன்னு சொல்றாரா இல்லியா? அவரோட கதையிலயே ஒரு கண்டு நூலை ஓட்டிட்டியே."

பாஞ்சாலிக்குச் சுருக்கென்றது. நூல் வெட்டுவதுதான் தன் வேலை என்பதும் உறைத்தது. திங்கட்கிழமை சாப்பாட்டில் டிபனைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்.

"அக்கா, துரைக்குச் சித்தியே கெடையாது. புக்குல இல்ல. நானாத்தான் சொன்னேன்."

லட்சுமம்மா சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "யார் சொன்னா இல்லன்னு?"

"புக்குல எழுதல."

"புக்குல எவனாவது குடும்ப விஷயத்தை எழுதுவானா? சித்தி சோறு போடலன்னு அச்சடிச்சு ஊரெல்லாம் குடுப்பாங்களா? மானஸ்தன், மறைச்சிருப்பான்."

"இல்லக்கா, நெஜமாவே..."

"உங்க டீச்சருக்குத் தெரியாது. அவ காக்ஸ் டவுன்ல குந்திகினு இருக்கா. நீ சொல்லு. ஆமேலே?"

பாஞ்சாலி யோசித்தாள். இதுவரை சேர்த்ததை எடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. இனிமேலாவது புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்வது, ஒரு நூல் கூடக் கூட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். புத்தகத்தில் அடுத்த வரி என்ன என்று மனதுக்குள் பார்த்தாள். அதைச் சொன்னாள்.

"கல்யாணமாகி நாலு வருஷத்துல துரைசானிக்குக் காய்ச்சல் வந்துச்சு. செத்துட்டா."

பட்டன் செக்ஷனில் ஒருத்தி ஓவென்று ஆரம்பித்தாள். பிறகு லைன் முழுக்கப் பிடித்துக்கொண்டது. லட்சுமம்மா மட்டும் அழவில்லை. எச்சில் கையோடு பாஞ்சாலியைப் பார்த்தாள்.

"சாயிஸ்பிட்யா? கொன்னுட்டியா? அந்தப் பொண்ணு உனக்கு இன்னாடி பண்ணுச்சு?"

"நான் எங்கக்கா கொன்னேன்? காய்ச்சல்..."

"சித்தியைக் கொல்றதுதானே? கடத்தல்காரனைக் கொல்றதுதானே? அவளா கெடைச்சா உனக்கு?"

"புக்குல அப்படித்தான் இருக்கு."

"இப்ப மட்டும் புக்கு வந்துடுச்சா?"

மணி அடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு லைன் இறங்கிப் போய் மெஷினில் உட்கார்ந்தது. அன்று மத்தியானம் மூன்றாம் லைனில் தைத்த காலர்கள் ஒன்றும் நேராக இல்லை. நான்கு மணிக்கு செக்கர் மேஜையில் சிவப்பு அம்புகள் தீர்ந்து இரண்டாவது கட்டைப் பிரித்தார்கள். சிவசங்கரன் ஓடி வந்தார். டெய்லர்கள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தைப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரும்மா தவறிட்டாங்க? ஏன் யாரும் என்கிட்டச் சொல்லல?"

"தொரையோட சம்சாரம் சார்" என்றாள் ஒருத்தி.

"எந்தத் துரை? பேக்கிங் துரையா?" பேக்கிங் செக்ஷனில் துரைராஜ் என்று ஒருவர் இருந்தார். சிவசங்கரன் பதறிப்போய் அவரைத் தேடி ஓடினார். மனைவியின் சாவுக்கு இரண்டு நாள் லீவும் கம்பெனி வேனும் தருவதாகச் சொன்னார். துரைராஜ் வீட்டிலிருந்து சற்று முன்புதான் சம்சாரம் கொடுத்தனுப்பிய மோர் வந்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் சிவசங்கரன் பாஞ்சாலியைக் கூப்பிட்டார். "நீ பாஸ் பண்ணு, வேணாங்கல. என் டார்கெட்டுல எதுக்கும்மா ஆளைச் சாகடிக்கறே?"

அதற்குப் பிறகு பாஞ்சாலிக்குச் சாறு வரவில்லை. பட்டன் செக்ஷன் தன் இடத்துக்கே போய்விட்டது. லட்சுமம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாஞ்சாலி மிச்சமிருந்த வரிகளை அந்த முதுகுக்குச் சொன்னாள். துரை வெகுகாலம் எழுதவில்லை. டிபன் கழுவும் சத்தம் கேட்டது. தலை நரைத்துப் புகழ் வந்தது. யாரோ குழாயைத் திறந்தார்கள். சகோதரி வீட்டுக்குப் போனார், தோட்டவேலை செய்தார், செத்தார். "செத்தா சாவட்டும்" என்றாள் லட்சுமம்மா, திரும்பாமலே.

பரீட்சை அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். சுற்றிலும் மீசை அரும்பாத பிள்ளைகள். பாஞ்சாலி உள்ளே நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து முன் பெஞ்சு எழுந்து நின்றது. பின்னால் போய், தன் நம்பரில் உட்கார்ந்ததும் சிரித்தது. கேள்வித்தாளைத் திருப்பினாள். பவுலின் சொன்னது சொன்னபடி துரை வந்திருந்தார். வாழ்க்கை ஒரு கேள்வி, பாட்டு ஒரு கேள்வி.

பாட்டை முதலில் எழுதினாள். ஒரே கோல், வாசல் கதவு, நூல். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதியதைத் தானே படித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு வாழ்க்கைக்கு வந்தாள். பேனா ஆற்றங்கரையில் இறங்கி, கம்பளியைக் கடந்து, தானாகவே ஸ்டெப் என்று எழுதியது. பாஞ்சாலி கையை இழுத்துக்கொண்டாள்.

பவுலின் சொன்னது சரி, எல்லாம் கலந்துதான் போயிருந்தது. கடத்தல் புத்தகத்திலா, தன்னிடமா? தோட்டம் யார் வைத்தது? கண்ணை மூடினால் புத்தகம் வரவில்லை. மாடிக் கொட்டகைதான் வந்தது. வட்டமாக முகங்கள். எச்சில் கைகள். அப்போதுதான் அவளுக்கு வழி புலப்பட்டது. முகங்களைப் பார்த்தால் போதும். லைன் எதற்கு வாயைப் பிளந்ததோ, கைதட்டியதோ, அழுததோ, அது தான் சேர்த்தது. எதற்குக் கொட்டாவி விட்டதோ அது புத்தகம்.

வேலை எளிதாகிவிட்டது. அம்மா இறந்தது, யாரும் உச்சுக் கொட்டவில்லை, எழுது. சித்தி வேண்டாம். கல்லூரி, ஊறுகாய் கேட்டார்கள், எழுது. குமாஸ்தா, லட்சுமம்மா வெற்றிலைப் பையை அவிழ்த்தாள், கட்டாயம் எழுது. கடத்தல் வேண்டாம். பாதிரியார் மகளைக் கட்டியது, முதல் நாள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, எழுது. துரைசானி செத்தது?

ஊரே அழுதிருந்தது. சிவப்பு அம்பு ஒரு கட்டு தீர்ந்து இரண்டாவது கட்டைப் பிரித்திருந்தார்கள். இவ்வளவு அழுகையைப் புத்தகம் கொண்டுவராது. இது தான் சேர்த்ததுதான் என்று பாஞ்சாலி நிச்சயமாக முடிவு செய்து, துரைசானியைச் சாகவிடாமல் அடுத்த வரிக்குப் போனாள். துரை வெகுகாலம் எழுதவில்லை, வீட்டில் சந்தோஷமாக இருந்ததால். தலை நரைத்துப் புகழ் வந்தது. கடைசிக் காலத்தில் துரையும் அவர் சம்சாரமும் சகோதரி வீட்டில் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். திருப்தியாக எழுதி முடித்து, லீவ் லெட்டருக்குப் போனாள்.

வெளியே பவுலின் காத்திருந்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் விடையைக் கேட்டுக்கொண்டே வந்தாள். துரைசானி இடம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இயேசப்பா! சித்தியை விட்டே, சரி. செத்துப்போன பொம்பளையை எதுக்குடி எழுப்பினே?"

"அவ செத்தது புக்குலயா இருந்துச்சு?"

"பின்ன, நானா சமாதி கட்டினேன்?"

மே முழுக்கப் பாஞ்சாலிக்குத் தூக்கம் சரியில்லை. சிவசங்கரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலண்டரைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து செக்கர் மேஜையை அளந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். ரிசல்ட் வந்த அன்று கோவிந்தன் ஆட்டோவில் சவாரியோடு போய்ப் பார்த்துவிட்டு, அதே சவாரியோடு வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர்தான் முதலில் சொன்னார்: "உன் சம்சாரம் பாஸ்னு சீக்கிரம் சொல்லிட்டு வாப்பா, எனக்கு ட்ரெயினுக்கு நேரமாகுது." மார்க் ஒன்றும் பெரிதில்லை. தேற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பாட்டுக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்று பவுலின் சொன்னாள்.

ஜூனில் பாஞ்சாலி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முதல் நாள் சாப்பாட்டில் லட்சுமம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பரீட்சைப் பேப்பர்ல துரைசானி சாகல. உயிரோட இருக்கான்னு எழுதிட்டேன்."

முதுகு கொஞ்சம் அசைந்தது. "கவர்மெண்ட் பேப்பர்லயா?"

"ஆமா."

"பாஸ் போட்டாங்களா?"

"போட்டாங்க."

லட்சுமம்மா முழுசாகத் திரும்பினாள். "அப்ப ஒத்துக்கினாங்க. நான் அன்னிக்கே சொன்னேன், அந்தக் காய்ச்சலுக்கெல்லாம் அவ சாவறவ இல்லன்னு." டிபன் மூடியைத் தேடினாள். சாறு ஊற்றினாள். "கடைசி வரைக்கும் எங்க இருந்தாங்க ரெண்டு பேரும்?"

"துரையோட அக்கா வீட்டுல."

லட்சுமம்மாவின் கரண்டி நின்றது. "நாத்தனா வீட்டுலயா? கடைசி காலத்துலயா? அய்யோ பாபம்." மீதிச் சாறையும் மூடியில் கவிழ்த்தாள். "அதுக்கு அந்தக் காய்ச்சல்லயே போயிருக்கலாம்."

மத்தியானம் லட்சுமம்மாவின் கட்டு செக்கர் மேஜைக்கு வந்தது. மேலே இருந்த சட்டையின் காலர் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பாஞ்சாலி நாடாவை வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். நாக்கில் இன்னும் சாறின் புளிப்பு இருந்தது. சிவப்பு அம்பை உரித்து ஒட்டினாள்.

லட்சுமம்மா மெஷினிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "இன்னாடி இது? எனக்கேவா?"

"காலர் எறங்கியிருக்குக்கா."

"கண்ணுல தண்ணி நின்னுச்சுடி, அதான் எறங்கிடுச்சு."

"துரைசானிதான் சாகலையே. இப்ப எதுக்கு அழுதே?"

"நாத்தனா வீட்டை நெனைச்சுகினேன்."

பாஞ்சாலி சட்டையை நீட்டிக்கொண்டே நின்றாள். லட்சுமம்மா மூன்று பாஷையிலும் திட்டிவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தையலைப் பிரித்தாள். மறுநாள் சாறு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது.